அப்பாவுடன் தார்ப் பாலையில்

முதல் நாள் - ஜெய்சல்மேர், இரவு

மன்னார்குடியில் ஏறி உட்கார்ந்தால் ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்தியில் இறங்கலாம். வாரம் ஒரு வண்டி. இரண்டு நாள் பயணம். பிறகு ஜோத்பூரில் ஜெய்சல்மேர் வண்டி பிடித்து இன்று மாலை வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு வயது 72. இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது அப்பாவின் ஆசை. ஐம்பது வருடம் கடைமடையில் நெல் பயிரிட்டவர். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை அவர் ஒழுங்காகத் தூங்கி நான் பார்த்ததில்லை. போன வருடம்தான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். "எங்கேயாவது கூட்டிட்டுப் போறேம்ப்பா, காசிக்குப் போவமா?" என்று கேட்டேன். "காசியில கங்கை ஓடுது. தண்ணியே இல்லாத சீமையில சனம் எப்படிடா பொழைக்குது? அதைக் காட்டு" என்றார். நான் சில வருடம் நாக்பூரில் வேலை பார்த்தவன், இந்தி பேசுவேன். அதனால் துணிந்து கிளம்பினோம்.

ஜோத்பூரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதல் இரண்டு மணி நேரம் வேலிமரமும் வயலும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. போகப் போக மரம் குட்டையாகி, செடியாகி, கடைசியில் கல்லும் ஆடும்தான். பொக்ரான் என்ற பலகையைப் பார்த்ததும் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். 1998 மே மாதம் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது கலாம் ஐயா படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அரிசி மூட்டை வைக்கும் அறைக் கதவில் ஒட்டியவர் அவர். பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்தார். நல்ல டீ என்றார்.

குளிர் நம் ஊர் மார்கழியைப் போல இரண்டு மடங்கு. வருகிறவர்கள் டிசம்பரில் ஸ்வெட்டரும் காதுக்குத் துண்டும் இல்லாமல் வராதீர்கள்.

இரண்டாம் நாள் - கோட்டை

ரவால் ஜைசல் என்ற, 'பாட்டி' குலத்து ராஜபுத்திர அரசர் 1156-இல் கட்டிய கோட்டை. எல்லாமே மஞ்சள் மணற்கல். காலை வெயிலில் பழுத்த வாழைப்பழ நிறத்தில் இருந்தது, சாயங்காலம் தேன் நிறம். உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வாசலில் துணி காய்கிறது, பிள்ளைகள் மட்டை அடிக்கிறார்கள். 2013-இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சமணக் கோயில்களின் கல்வேலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

கோட்டைச் சந்தில் ஒரு சுவரின் அடிப்பகுதி நனைந்து, கல் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். தங்கும் விடுதிக்காரர் விளக்கினார். குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து அளந்து செலவழித்த காலத்தில் கட்டிய கோட்டை இது. குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, கழிவுநீர் கசிந்து குன்றுக்குள் இறங்குகிறது. குன்றே மென்மையான மண்ணும் பாறையும். கொத்தளங்கள் சில சரிந்தும் போயிருக்கின்றன. தண்ணீர் இல்லாத ஊரின் கோட்டை தண்ணீரால் இளகுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. கோட்டைக்குள் அறை எடுக்காமல் கீழே ஊரில் தங்கியது சரி என்று பட்டது. வருகிறவர்களையும் அப்படியே தங்கச் சொல்வேன்.

மாலையில் கடீசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் வெட்டியது, பல நூறு ஆண்டு இந்த ஊருக்கே குடிநீர். இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீரும் இதற்கு வருகிறது. பஞ்சாபில் ஹரிகே அணைக்கட்டில் கிளம்பும் தண்ணீர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி இந்த மாவட்டத்தில்தான் முடிகிறது என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் படித்துறையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ இதுவும் கடைமடைதான்" என்றார்.

ஒரு தொல்லையும் நடந்தது. நாளைய பாலைவனப் பயணத்துக்கு இணையத்தில் ஒருவரிடம் முன்பணம் கட்டியிருந்தேன். நேற்று வரை ஒரு தொகை, இன்று இரண்டு மடங்கு. இரவு நடனம், ஒலிபெருக்கி, மணல்மேட்டில் ஜீப் பாய்ச்சல் எல்லாம் சேர்ந்தால்தான் வருவோம் என்றார்கள். வயதானவரைக் கூட்டி வந்திருக்கிறேன், எங்களுக்கு ஊரும் வயலும் பார்த்தால் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். முன்பணம் போனது. விடுதிக்காரர் தன் சொந்தக்காரர் ஒருவருக்கு போன் போட்டார். ஜீப், மதியச் சாப்பாடு, ஒட்டகம், எல்லாம் சேர்த்து ஒரே தொகை, இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம் என்று பேசி முடித்தோம். நேரில் ஆளைப் பார்த்துப் பேசாமல் பணம் கட்டக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

மூன்றாம் நாள் - பாலைவனம்

காலை எட்டு மணிக்கு ஜீப் வந்தது. வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை மீசை, செம்மண் நிறத் தலைப்பாகை. "கம்மா கணி" என்று கை கூப்பினார். அந்தப் பக்கத்து வணக்கம் அது. நான் அவரை 'பாய்சா', அதாவது அண்ணன், என்றேன், அவர் அப்பாவை 'பாபுஜி' என்றார். கூரி கிராமத்துப் பக்கம் பிறந்தவர், அவருடைய அப்பா ஒட்டகம் மேய்த்தவராம்.

ஊரைத் தாண்டியதும் காற்றாலைகள். தொடுவானம் வரை நூற்றுக்கணக்கில். ஆரல்வாய்மொழியில் பார்த்தது போலவே இருக்கிறது என்றார் அப்பா. சுமார் 18 கிலோமீட்டரில் குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலி செய்துவிட்டுப் போன கிராமம். கூரையில்லாத மஞ்சள் சுவர்கள் தெருத் தெருவாக நிற்கின்றன. சாலிம் சிங் என்ற திவான் ஒரு பெண்ணைக் கேட்டு மிரட்டியதால் ஒரே இரவில் 84 கிராமத்தாரும் வெளியேறினார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. பேய் உலவுகிறது என்று வேறு பணம் பண்ணுகிறார்கள். பாய்சா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வரி ஏறிச்சு, கிணறு இறங்கிச்சு. இரண்டும் சேர்ந்தா எந்தக் குடியானவன் நிப்பான்?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அவங்க போயிட்டாங்க. அவங்க வயல் போகலை, வாங்க" என்று பாய்சா ஜீப்பைத் திருப்பினார்.

பத்து நிமிடம் கல்லுக்காட்டில் குலுங்கிய பிறகு, ஒரு மண் கரை தெரிந்தது. ஆள் உயரம். மேலே ஏறி நின்றோம். கரைக்கு அந்தப் பக்கம் பச்சை.

முழங்கால் உயரத்துக்குக் கோதுமை, பக்கத்தில் தரையோடு படர்ந்த கொண்டைக்கடலை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும் எருக்கும் தவிர ஒன்றுமில்லை, நடுவில் தட்டில் பரப்பிய மாதிரி வயல். குழாய் இல்லை, மோட்டார் இல்லை, வாய்க்கால் இல்லை.

இதன் பெயர் கடீன். பாலிவால்கள் 15-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்துப் பெருக்கிய முறை. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட இங்கே நிச்சயமில்லை. எங்கள் பக்கம் ஆயிரத்தைத் தாண்டும். பெய்கிற கொஞ்சத்தையும் இந்தக் கல் நிலம் குடிப்பதில்லை, அப்படியே வழிய விடுகிறது. அந்தக் குறையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சரிவின் அடியில் குறுக்கே கரை போட்டால் சுற்றியுள்ள மேட்டு மழையெல்லாம் வண்டலோடு வந்து தேங்கும். ஒரு ஏக்கர் விளைய பத்துப் பதினைந்து ஏக்கர் மேடு வேண்டும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மண்ணின் உப்பு கீழே இறங்கும். ஐப்பசி வாக்கில் தண்ணீர் வற்றியதும், மீதி நின்றால் வடித்துவிட்டு, ஈரத்தில் விதை. அறுவடை வரை ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம். அடியில் இருக்கும் ஈரமே போதும்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வயலில் செருப்போடு இறங்கி அவரை நான் பார்த்ததில்லை. குனிந்து, மேல் மண்ணை ஒதுக்கி, நாலு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்தார். எச்சில் தொட்டு உள்ளங்கையில் உருட்டினார். திரி போல நீண்டது, உடையவில்லை.

"வண்டல்டா. நம்ம ஆத்துப் படுகை மண்ணு மாதிரி இருக்கு" என்றார். அடுத்த கேள்வி உடனே வந்தது. "கலிங்கு எங்கே இருக்குன்னு கேளு."

உபரி நீர் வழிய இடம் இருக்கிறதா என்பதை இந்தியில் எப்படிக் கேட்பது என்று நான் யோசிப்பதற்குள் அப்பா கையாலேயே கரையையும் வெள்ளத்தையும் வரைந்து காட்டிவிட்டார். பாய்சாவுக்குப் புரிந்தது. கரையின் ஒரு கோடிக்குக் கூட்டிப் போனார். கல் பாவிய தாழ்ந்த பகுதி, அச்சு அசல் நம் ஏரிக் கலிங்கு. கீழே தண்ணீர் வடிக்க ஒரு மதகு. கரைக்கு வெளியே, பள்ளத்தில் ஒரு கிணறு. கடீனில் தேங்கியது ஊறி அங்கே வருமாம். அப்பாவும் பாய்சாவும் கரை மேல் முன்னும் பின்னும் நடந்தார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் மார்வாடி. அரை மணி நேரம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

அப்பா ஒரு கடலை இலையைக் கிள்ளி வாயில் போட்டார். எனக்கும் ஒன்று தந்தார். புளித்தது, புளியாரைக் கீரை போல. விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது.

மதியம் ஒரு தாணியில் சாப்பாடு. நாலைந்து வீடு சேர்ந்த குடியிருப்பை இங்கே தாணி என்கிறார்கள். சாணம் மெழுகிய தரை, வட்டச் சுவர், புல் கூரை. பாய்சாவின் அக்கா வீடு. சோக்ரா என்ற தடித்த கம்பு ரொட்டி, மேலே நெய், பூண்டும் மிளகாயும் அரைத்த சட்னி, வெல்லம், மோர். இத்துடன் ஒரு காய், கேர்-சாங்கிரி. கேர் என்பது முள்புதரில் காய்க்கும் சின்னக் காய், மோரிலோ உப்பு நீரிலோ நாள் கணக்கில் ஊறப்போட்டுக் கசப்பை எடுக்கிறார்கள். சாங்கிரி காய்ந்த நெற்று. எந்த மரத்து நெற்று என்று கேட்டேன். அக்கா வாசலைக் காட்டினார்.

கேஜ்ரி மரம். ராஜஸ்தானின் மாநில மரம். அப்பா எழுந்து போய் இலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"டேய், இது வன்னிடா."

ஆம், வன்னிதான். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, விஜயதசமி அன்று சாமி வந்து அம்பு போடுகிறதே, அதே வன்னி. நாம் சுற்றி வந்து கும்பிடுகிற மரத்தை இவர்கள் சாப்பிடுகிறார்கள், ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இலை ஒடிக்கிறார்கள், நிழலில் கம்பு விதைக்கிறார்கள். இந்த மரத்தை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, 1730-இல் ஜோத்பூர் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி என்ற பெண்ணும் அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உயிரை விட்டார்கள். பாய்சா இதைச் சொன்னபோது சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அப்பா கடைசி வரை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு புல்வெளி. மணல்மேடுகளை மட்டுமே பாலைவனம் என்று நினைத்திருந்தேன். தார்ப் பாலையில் பெரும் பகுதி இப்படிப் புல்லும் புதருமான சமவெளி. இங்கே 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பாலைவனத் தேசியப் பூங்கா விரிந்திருக்கிறது. நான் பார்க்க ஆசைப்பட்டது கானமயில். ஒரு மீட்டர் உயரம், ஆண் 15 கிலோ வரை எடை, பறக்கக் கூடிய பறவைகளிலேயே பெரிய எடைக்காரர்களில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இப்போது நாடு முழுக்க 150-க்கும் குறைவு, பெரும்பாலும் இந்த மாவட்டத்தில்.

இரண்டு மணி நேரம் தொலைநோக்கியோடு இருந்தோம். சிங்காரா மான்கள் ஏழு, ஒரு பாலை நரி, வானத்தில் பாறுகள். கானமயில் வரவில்லை. பாய்சா மேலே கை காட்டினார். மின்கம்பிகள். காலையில் நான் படம் எடுத்த காற்றாலைகளிலிருந்து போகிற கம்பிகள். கானமயிலுக்குப் பக்கவாட்டுப் பார்வைதான் நன்றாக உண்டு, நேர் எதிரே சரியாகத் தெரியாது. அத்தனை எடையோடு சட்டென்று திரும்பவும் முடியாது. கம்பியில் மோதி விழுகிறது. வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் பறவை, ஒன்று போனால் ஈடு கட்ட எத்தனை வருடம்? 2021-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொன்னது. 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இங்கே சாம் என்ற ஊர்ப் பக்கத்தில் 2019 முதல் முட்டையைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024-இல் செயற்கைக் கருவூட்டலில் ஒரு குஞ்சும் பிறந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வெளியே வரும்போது மேலே இந்தக் கம்பிகள் இருக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு மாவட்டத்துப் புல்வெளியிலாவது கம்பியைப் புதைக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

நாலரைக்குக் கூரியின் மணல்மேடுகள். சாம் மணல்மேடு இதைவிடப் பெரிது, கூட்டமும் அதிகம். இங்கே எங்களைத் தவிர ஒரு குடும்பம்தான். ஒட்டகக்காரர் இரண்டு ஒட்டகங்களோடு காத்திருந்தார். ஏறுகிறவர்கள் கவனிக்க: ஒட்டகம் முதலில் பின்னங்காலில் எழும். நாம் முன்னே கவிழ்ந்துவிடுவோம், அதனால் பின்னால் சாய்ந்து கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்து முன்னங்கால் எழும்போது தானாக நேராகிவிடும். அப்பாவை ஏற்றிவிட்டு ஒட்டகக்காரர் தன் தோளை அவர் முழங்காலுக்கு அணைகொடுத்தபடியே நடந்தார்.

ஒட்டகத்தின் பாதத்தைப் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு விரல், அடியில் மெத்தை போல அகன்ற சதை. வைக்கும்போது விரிகிறது, எடுக்கும்போது சுருங்குகிறது. மணலில் நான் கணுக்கால் வரை புதைந்த இடத்தில் அது சத்தமே இல்லாமல் போனது. ஒட்டகக்காரரின் தாத்தா காலத்தில் வீட்டில் நாற்பது உருப்படியாம். இப்போது இந்த இரண்டு. 2012 கணக்கில் நாட்டில் 4 லட்சம் ஒட்டகம், 2019-இல் இரண்டரை லட்சம். ராஜஸ்தான் 2014-இல் மாநில விலங்காக அறிவித்து, மறு வருடம் வெட்டவும் வெளிமாநிலம் கொண்டு போகவும் தடை போட்டது. டிராக்டர் வந்த பிறகு வேலைக்கு ஒட்டகம் வேண்டியதில்லை, தடைக்குப் பின் சந்தையில் வாங்க ஆளும் குறைவு. சுற்றுலா இல்லையென்றால் இவற்றையும் விட்டிருப்பேன் என்றார். எங்கள் வீட்டில் கடைசி ஜோடி உழவுமாட்டை விற்ற அன்று அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. இதை நான் மொழிபெயர்க்க, ஒட்டகக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சூரியன் ஆறுக்கு முன்பே இறங்கிவிட்டது. மணலில் காற்று வரி வரியாகக் கோடு போட்டிருந்தது. பகலில் கை வைக்கக் கதகதப்பாக இருந்த மணல், இருட்டிய கால் மணியில் சில்லென்று ஆகிவிட்டது. கிழக்கே கார்த்திகை மீன் கூட்டம் உயரே நின்றது. அப்பா ஆறையும் எண்ணினார்.

கிளம்பும் முன் கிராமத்தில் ஒரு மாங்கணியார் பெரியவர் கமாய்ச்சா வாசித்தார். மா மரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய வில் வாத்தியம். அடித்தொண்டையில் பேசுவது போல ஒரு நாதம். மாங்கணியார்கள் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள், அந்தக் குடும்பத்துச் சாமிகளையும் பாடுவார்கள். ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. பேரன் சிறுகட்டைகளை விரலிடுக்கில் வைத்துத் தாளம் போட்டான். மழையைக் கூப்பிடும் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி அப்பா கேட்டார். பாடினார்.

ஒன்பது மணிக்கு அறைக்கு வந்தோம். அப்பா தூங்கிவிட்டார். சட்டைப் பையில் காய்ந்த வன்னி நெற்று நாலைந்து வைத்திருக்கிறார்.

நான்காம் நாள் - ரயில் நிலையம்

காலையில் கடைத்தெருவில் அம்மாவுக்கு அரைக் கிலோ சாங்கிரி. வேறொன்றும் வாங்கவில்லை.

பாய்சா வழியனுப்ப வந்திருந்தார், நாங்கள் கேட்கவில்லை. வண்டி புறப்பட இருபது நிமிடம் இருந்தது. அப்பா அவர் போன் நம்பரைத் தன் போனில் ஏற்றச் சொன்னார். "ஆவணியில கடீன் நிறைஞ்சா ஒரு போன் பண்ணச் சொல்லு. நேரம் காலம் பாக்க வேண்டாம், ராத்திரின்னாலும் பரவாயில்லை." சொன்னேன். பாய்சா சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார். "பாபுஜி, உங்க தண்ணி எந்த மாசம் வரும்?"

"ஜூன் 12-க்கு மேட்டூர்ல திறக்கணும். எங்க ஊருக்கு வந்து சேர அதுக்கு மேல நாளாகும்" என்றார் அப்பா.

பாய்சா தன் போனை எடுத்து, ஜூன் 12 என்று குறித்துக்கொண்டார்.